மீனவர்களும் ரேடியோ லைசென்ஸும்

ரேடியோக் கருவியை லைசென்ஸ் இன்றி வைத்திருப்பதே குற்றம் என்னும் கொள்கை, 1933-ம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் நமக்கு விட்டுச் சென்ற ஆஸ்தியாகும். 1942-ல் பம்பாயில் உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் இரகசியக் காங்கிரஸ் ரேடியோ நடத்திச் சிறை புகுந்ததை நினைத்தால், ரேடியோ ஜனங்களின் கைக்கு வருவதை அன்னிய சர்க்கார் எவ்வளவு அஞ்சிற்று என்பது விளங்கும். சுதந்திர இந்தியாவின் பாராளுமன்றம் 2023-ல் இயற்றிய தொலைத்தொடர்புச் சட்டமும் அக்கொள்கையைக் கைவிடவில்லை. விலக்கு அளிக்கும் அதிகாரத்தைச் சர்க்காருக்குத் தந்ததோடு நின்றுவிட்டது.

2018-ம் வருஷத்து விதிகள், 446 மெகாஹெர்ட்ஸில் பேசும் சக்தி குறைந்த கைக்கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று விலக்கு அளித்தன. நல்லதே. ஆனால் தூத்துக்குடி மீனவருக்கு அதனால் என்ன பயன்? ஆபத்தில் அபயக் குரல் எழுப்பவேண்டிய அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ். கப்பல்களும் கடலோரக் காவற்படையும் செவிசாய்ப்பது அதில்தான். லைசென்ஸ் வேண்டாத கருவி அங்கே பேசாது. அங்கே பேசும் கருவிக்கோ லைசென்ஸ் வேண்டும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, தென்கோடிக் கரையிலிருந்து ஆழ்கடல் சென்றிருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. திரும்பாதவர் பலர். படகில் வைக்கும் இத்தகைய கருவியின் குரல் நெடுந்தூரம் போகாது என்பது மெய்யே. ஆயினும் படகுக்குப் படகு செய்தியைக் கடத்த அது உதவும்.

கட்டுப்பாடே கூடாது என்பது நமது கட்சியல்ல. பழுதான ஒரு கருவி அபய அலைவரிசையையே அடைத்துவிடக்கூடும். கருவியைப் பழுதுபார்ப்பவர் அதை ஏரியலில் இணைத்துச் சோதித்தால், அலை துறைமுகமெங்கும் பரவும். ஏரியலுக்குப் பதிலாக, சக்தியை உஷ்ணமாக்கி விழுங்கும் மின்தடை ஒன்றில் இணைத்துச் சோதித்தால், அது பெரும்பாலும் அறையை விட்டு வெளியேறாது. இரண்டிலும் கருவி ஒன்றே. ஆகவே சட்டம் அளந்து தடுக்கவேண்டியது வெளியே பரவும் அலையை. கருவியை வைத்திருப்பவரைக் குற்றவாளியாக்குவது நியாயமன்று.

ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும் கருவியைச் சோதித்து, அங்கேயே, அன்றே அனுமதி வழங்கும் உத்தியோகஸ்தர் ஒருவரைச் சர்க்கார் நியமிக்கவேண்டும். இது புதுமையான கோரிக்கையல்ல. 1961-ல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பு வரை, சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் இக்கரைக்கே வந்து, சிப்பிகளை எண்ணி ஏலம் விட்டார்கள். வருமானத்தை நாடிக் கரைக்கு வந்த சர்க்கார், உயிரைக் காக்க வரலாகாதா?