தண்ணீருக்கு அழும் குழந்தை

“பேரனுக்கு ஏழு மாதம். தாய்ப்பால் குடித்தவரை சுமாராக இருந்தான். பசும்பால் கொடுக்க ஆரம்பித்த பிறகு எடை ஏறவில்லை. சளி, இருமல் இல்லாமலே அடிக்கடி காய்ச்சல். துணி எப்போதும் ஈரம். பாலைத் தள்ளிவிட்டுத் தண்ணீருக்கு அழுகிறான். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் குறையும் என்கிறார்கள். குறைக்கலாமா?”
- வாசகி, அக்காள்மடம், ராமநாதபுரம் மாவட்டம்.

குறைக்கவே கூடாது. சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோய் என்று இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். பார்க்க வேண்டிய இன்னொன்று, ‘நெஃப்ரோஜெனிக் டயாபடீஸ் இன்சிபிடஸ்’ என்ற அரிய நோய். பெயரில் டயாபடீஸ் இருந்தாலும் சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிறுநீரில் எறும்பு மொய்க்காது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே 2022-ல் மருத்துவ அமைப்புகள் வேறு பெயரைப் பரிந்துரைத்தன.

உடம்பில் தண்ணீர் குறைந்தால், மூளை ‘வாசோபிரசின்’ என்ற ஹார்மோனை அனுப்பி மடையை அடைக்கச் சொல்லும். இந்தக் குழந்தைகளுக்கு ஹார்மோன் வருகிறது. சிறுநீரகம்தான் அதைக் கேட்பதில்லை. மடை திறந்தே கிடப்பதால் தண்ணீர் வெளியேறி, ரத்தத்தில் உப்பு ஏறுகிறது. காய்ச்சல், வாந்தி, மலச்சிக்கல் எல்லாம் அதனால் வருபவை. முற்றினால் வலிப்பு வரும், மூளையும் பாதிக்கப்படும். தாய்ப்பாலில் உப்பும் புரதமும் குறைவு, பசும்பாலில் அதிகம். அந்த அதிகப்படியைக் கழிக்க இன்னும் தண்ணீர் செலவாகும். அதனால்தான் பால் மாறியதும் நோய் வெளியே தெரிகிறது. உப்புத் தண்ணீர் ஊறும் கடலோரக் கிணற்று நீரில் பால் கலக்க வேண்டாம். வயிற்றுப்போக்கு இல்லாத இந்தக் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அதிலும் உப்பு இருக்கிறது.

தாமதிக்காமல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். குழந்தை சோர்ந்து துவண்டாலோ வலிப்பு வந்தாலோ உடனே 108. ரத்தத்தில் சோடியம் எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் திசை தெரிந்துவிடும். தேவைப்பட்டால் மதுரைக்கோ, சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள்.

தாய்வழியில், குறிப்பாகத் தாய்மாமன்களில், சிறுவயது முதலே குடம் குடமாகத் தண்ணீர் குடித்தவர் உண்டா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் இது தாய் வழியாக ஆண் குழந்தைக்கு வருவது. சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் வரும் இன்னொரு வகையும் உண்டு. அது பெண் குழந்தையையும் தாக்கும்.

நோய் உறுதியானால், தண்ணீரும் உப்புக் குறைந்த உணவும்தான் முதல் வைத்தியம். கூடவே தையசைடு மாத்திரை கொடுப்பார்கள். மற்றவர்களுக்குச் சிறுநீரை அதிகமாக்கும் அந்த மாத்திரை, இந்தக் குழந்தைகளுக்குக் குறைக்கிறது! “இது பிரஷர் மாத்திரையாச்சே” என்று யாராவது சொன்னால் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.