வியாசப் பரீட்சையும் நம் வாலிபரும்

யூனியன் பப்ளிக் ஸர்விஸ் கமிஷன் ஆண்டுதோறும் நடத்தும் சிவில் ஸர்விஸ் பரீட்சைக்கு நம் வாலிபர்களும் யுவதிகளும் ஆயிரக் கணக்கில் முயன்று வருகின்றனர். பூர்வாங்கப் பரீட்சையைப் பற்றி நாம் இன்று பேசப் போவதில்லை. அது கொடுத்த விடைகளுள் ஒன்றைப் பொறுக்கிக் குறியிடும் பரீட்சை. ஞாபக சக்தியும் துரிதமும் இருந்தால் பெரும்பாலும் போதும். அதைத் தாண்டியவர்கள் எழுதும் பிரதானப் பரீட்சையே நம் கவனத்துக்கு உரியது. அதில் தரவரிசைக்குச் சேரும் எழுத்து மார்க்குகள் 1750. அவற்றுள் வியாசத்துக்கு 250. பொது அறிவுத் தாள்கள் நான்குக்கும் சேர்த்து 1000. ஆகவே 1250 மார்க்குகள், ஒருவர் ஒரு விஷயத்தை எடுத்துக் கொண்டு தாமாகவே சிந்தித்துத் தெளிவாக எழுத வல்லவரா என்பதைப் பொறுத்திருக்கின்றன.

ஆனால் நம் வாலிபர்கள் என்ன செய்கிறார்கள்? நூறு வியாசங்கள் அடங்கிய புத்தகத்தை வாங்குகிறார்கள். அவற்றின் தொடக்கத்தையும் முடிவையும் நெட்டுருப் போடுகிறார்கள். எத்தலைப்பு வந்தாலும் ஒட்டி விடலாம் என்று பெரியோர் வாக்குகள் ஐம்பதைத் தனியே எழுதி வைத்துக் கொள்கிறார்கள். பயிற்சிக் கூடங்களும் இதையே ஊக்குவிக்கின்றன. பரீட்சை மண்டபத்தில் நூற்றோராவது தலைப்பு வரும்போது இவர்கள் கை நடுங்குவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? நூறு வியாசங்களை மனனம் செய்வதைக் காட்டிலும் பத்துப் பெரிய விஷயங்களை அடிமுதல் நுனிவரை கற்பதே நேரான வழி என்பது நமது அபிப்பிராயம். அதற்கான காரணங்களைச் சொல்லுமுன் பழைய கதை ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

போட்டிப் பரீட்சை மூலம் இந்திய ஆட்சிக்கு ஆள் எடுக்கும் முறை 1855-இல் லண்டனில் தொடங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டில் மெக்காலே தலைமையில் வகுக்கப்பட்ட திட்டத்தில் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் தலா 750 மார்க்; ஸம்ஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375. தமிழுக்கோ வேறு எந்தத் தேச பாஷைக்கோ அப்போட்டியில் இடமில்லை. கடல் கடந்து சென்று அன்னிய மண்ணில் அன்னிய பாஷையில் எழுதித்தான் 1863-இல் ஸத்யேந்திரநாத் தாகூர் முதல் இந்தியராகத் தேறினார். 1876-இல் வயது உச்ச வரம்பை 21-லிருந்து 19 ஆகக் குறைத்தபோது, அது இந்தியரை வெளியே நிறுத்தும் சூழ்ச்சி என்று கண்டு ஸுரேந்திரநாத் பானர்ஜி 1877-இல் ஊர் ஊராகச் சென்று பிரசாரம் செய்தார். இந்தியாவிலும் ஏககாலத்தில் பரீட்சை நடக்க வேண்டும் என்று காங்கிரஸ் மகாசபை ஆண்டுதோறும் கேட்டது. 1893-இல் காமன்ஸ் சபையே அதற்கு இசைந்து தீர்மானம் நிறைவேற்றிய பின்னும் சர்க்கார் அசையவில்லை. 1922-இல்தான் அலஹாபாத்தில் முதல் பரீட்சை நடந்தது. அதற்கு முன்னாண்டில், தேர்ச்சியில் நான்காம் ஸ்தானம் பெற்ற ஸுபாஷ் சந்திர போஸ் அப்பதவியை உதறி எறிந்து விட்டார். இவ்வளவு போராட்டத்தின் பேரில் கிடைத்த உரிமை இது. அதை மனப்பாட வியாசங்களைக் கொண்டு அனுபவிக்க முற்படுவது நமக்கு வருத்தமளிக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு பெரிய விஷயத்தை அடிமுதல் கற்பது என்றால் என்ன? தண்ணீரை எடுத்துக் கொள்வோம்.

தஞ்சை ஜில்லாவில் பிறந்தவனுக்குக் காவிரி ஒரு தகராறு அன்று, வாழ்வு. ஆயினும் அவனைக் கேட்டால் பெரும்பாலும் கோபம் வருமே தவிர விவரம் வருவதில்லை. விவரம் எங்கிருந்து தொடங்குகிறது? சென்னை ராஜதானிக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் 1892-இல் ஓர் உடன்படிக்கை, 1924-இல் மற்றொன்று. அதன் பின் மைசூரில் கிருஷ்ணராஜ சாகரமும் இங்கே 1934-இல் மேட்டூர் அணையும் எழுந்தன. சுதந்திரம் வந்ததும் அரசியல் சட்டம் தண்ணீரை ராஜ்யங்களின் பட்டியலில் 17-ஆம் இனமாக வைத்தது. ராஜ்யங்களுக்கு இடையே ஓடும் நதிகளை ஒழுங்கு செய்யும் அதிகாரத்தை மத்திய பட்டியலில் 56-ஆம் இனமாக வைத்தது. 262-ஆம் ஷரத்து நதித் தகராறுகளுக்குத் தனி வழி வகுக்க இடங் கொடுத்தது. அதன்படி 1956-இல் ஒரு சட்டம் பிறந்தது. 1990-இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. அதன் இறுதித் தீர்ப்பு வரப் பதினேழு ஆண்டுகள் ஆயின. 2007-இல் அம்மன்றம் தமிழ் நாட்டு எல்லைக்கு 192 டி.எம்.சி. விட வேண்டும் என்றது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கிற்று.

குறைந்த 14.75 டி.எம்.சி. எங்கே போயிற்று என்று கேட்பவனே மாணவன். அதில் 10 டி.எம்.சி., நம் டெல்டாவின் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டு குறைக்கப்பட்டது. மிச்சம் 4.75 பெங்களூர் நகரின் குடிநீர்க்காக. இவ்விரண்டு எண்களுக்குள் எத்தனை விஷயங்கள் அடங்கியிருக்கின்றன, பாருங்கள்! நிலத்தடி நீர் என்றதும் பம்புசெட்டும் இலவச மின்சாரமும் வருகின்றன. கடலோரக் கிணறுகள் உவர்ப்பாவது வருகிறது. பெங்களூர் என்றதும் விவசாயியின் தண்ணீரை நகரம் கேட்கும் நியாயம் வருகிறது. அந்த நியாயத்தை மறுப்பதற்கு முன், 2015-இல் வெள்ளத்தில் மூழ்கி 2019-இல் குடிநீருக்கு லாரியின் பின் ஓடிய நமது சென்னையையும் நினைக்க வேண்டியிருக்கிறது. ஏரியைத் தூர்த்து வீடு கட்டிய கதையும் குடிமராமத்து மறைந்த கதையும் அங்கிருந்து தொடரும். பொதுக் குளத்தில் தண்ணீர் மொள்ளும் உரிமைக்காக 1927-இல் மஹாட் நகரில் டாக்டர் அம்பேத்கர் நடத்திய ஸத்தியாக்கிரகமும் தண்ணீரின் சரித்திரந்தானே? தண்ணீரைக் கற்கப் போனவன் சட்டம், விவசாயம், நகர நிர்வாகம், ஜாதிக் கொடுமை, சமஷ்டி ஆட்சி எல்லாவற்றையும் தொட்டு விட்டான்.

இது வெறும் கற்பனை அன்று. 2016-ஆம் ஆண்டு வியாசத் தாளில் ராஜ்யங்களுக்கிடையே தண்ணீர்த் தகராறு ஒரு தலைப்பாகவும், கூட்டுறவுச் சமஷ்டி கட்டுக்கதையா உண்மையா என்பது மற்றொரு தலைப்பாகவும் வந்தன. ஒன்று முதற் பகுதியில், மற்றது இரண்டாம் பகுதியில். காவிரியை ஒழுங்காகப் படித்தவனுக்கு அன்று இரண்டு வியாசங்களுக்கும் சரக்கு கையில் இருந்திருக்கும்.

"அது பழைய காலம், இப்பொழுது தத்துவத் தலைப்புகளே வருகின்றன, விஷய ஞானம் எதற்கு?" என்று சிலர் கேட்கின்றனர். 2021-இல் ஜெர்மன் ஞானி ஹெகலின் கூற்றே தலைப்பாக வந்தது மெய்தான். ஆயினும் கேட்பவர்கள் 2022-ஆம் ஆண்டுத் தாளையும் பார்க்கட்டும். பொருளாதார மேன்மைக்குக் காடுகளே சிறந்த பாடம் என்னும் கருத்துள்ள தலைப்பு அதில் இருந்தது. காட்டைப் பற்றி நான்கு அழகிய வாக்கியங்களை நெட்டுருச் செய்தவன் ஒரு பக்கத்தில் நின்று விடுவான். பிரிட்டிஷ் சர்க்கார் 1878-ஆம் வருஷச் சட்டத்தால் காடுகளை எவ்வாறு தன் உடைமையாக்கிக் கொண்டது, 2006-ஆம் வருஷச் சட்டம் வனவாசிகளின் உரிமையை எவ்வாறு ஒப்புக் கொண்டது, 2013-இல் ஒரிஸ்ஸாவின் நியம்கிரி மலையில் பன்னிரண்டு கிராம சபைகள் கூடிச் சுரங்கம் வேண்டாம் என்று எவ்வாறு சொல்லின என்பனவற்றை அறிந்தவனோ, மேன்மை என்றால் யாருடைய மேன்மை என்று கேட்டு மேலே செல்வான். தத்துவத்துக்கும் நிற்க நிலம் வேண்டும். அந்த நிலம் விஷய ஞானமே.

நிலம், பள்ளிக்கூடம், பெண்களின் உழைப்பும் கூலியும், ஜாதியும் ஒதுக்கீடும், பஞ்சாயத்து, வேலையின்மை, பொது ஜன ஆரோக்கியம் முதலிய விஷயங்களையும் இம்முறையிலேயே எடுத்துக் கொள்ளலாம். எண்ணிக்கை பத்துக்கு மேற்பட வேண்டியதில்லை. விஷயத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுக. அதில் முதலில் சரித்திரம், பிறகு சட்டம், பிறகு இன்றைய நிலையும் எண்களும். கடைசியில் நம் கட்சிக்கு எதிர்க்கட்சியை, அதை நம்புகிறவன் சொல்லும் அதே வலிமையுடன் எழுதுக. இக்கடைசிப் பகுதியைத்தான் நம்மவர் விட்டு விடுகின்றனர். மாண்டியா விவசாயியின் வாதத்தை நேர்மையாக எழுதத் தெரியாதவன் தஞ்சை விவசாயியின் வாதத்தையும் உறுதியாக எழுத மாட்டான் என்று நாம் சொல்வோம். வாரம் ஒரு முறை மூன்று மணி நேரம் உட்கார்ந்து, பரீட்சையில் கேட்கிறபடியே ஆயிரம் முதல் ஆயிரத்து இருநூறு வார்த்தைகளில் இரண்டு வியாசங்கள் எழுதிப் பார்க்க வேண்டும். எழுதியதைப் பரீட்சைக்குப் போகாத ஒரு நண்பனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது மிகவும் நல்லது; எங்கே புரியவில்லை என்று அவன் சொல்வான், பயிற்சிக் கூடத்து ஆசிரியர் சொல்ல மாட்டார்.

இதில் பத்திரிகைகளும் குற்றமற்றவை அல்ல. நாமும் சேர்ந்தே சொல்லிக் கொள்கிறோம். செய்தியைத் துண்டு துண்டாக நறுக்கிக் கேள்வி பதிலாக்கி விற்பதில் நாம் காட்டும் உற்சாகத்தில் பாதியை, ஒரு கமிஷன் அறிக்கையை வாசகனுக்கு விளங்கும் தமிழில் விரித்துச் சொல்வதில் காட்டியிருந்தால், இவ்வாலிபர்கள் இத்தனை பணம் செலவழித்துக் குறிப்புப் புத்தகம் வாங்க வேண்டியிராது.

பணம் என்றதும் மற்றொன்றைச் சொல்ல வேண்டும். சென்னையிலோ டில்லியிலோ அறை எடுத்துத் தங்கிப் படிக்க வசதியுள்ளவர்கள் எத்தனை பேர்? 2023-ஆம் வருஷப் பரீட்சையில் நியமனத்துக்குச் சிபார்சு செய்யப்பட்டவர்கள் 1016 பேர். மற்றவர்கள் கழித்த ஆண்டுகளுக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்? நூறு வியாசங்களை மனனம் செய்து தோற்றவன் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. தண்ணீரையும் நிலத்தையும் உள்ளூரப் படித்துத் தோற்றவனோ, தன் ஊர்ப் பஞ்சாயத்தில் எழுந்து பேசினால் தாசில்தார் பதில் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்டவர்கள் ஜில்லாவுக்கு நூறு பேர் இருப்பது தேசத்துக்கு லாபம் அல்லவா? தேறியவன் விஷயமும் இப்படித்தான். வறட்சியைப் பற்றி நெட்டுரு வாக்கியங்களை எழுதி மார்க் வாங்கியவன், ஸப் கலெக்டராக உட்கார்ந்து வறட்சி நிவாரண மனுவில் கையெழுத்திடும் நாள் வருகிறது. அந்த மனுவைக் கொண்டு வருகிறவனுக்கு அவன் வாங்கிய மார்க்கால் பயனில்லை.

நம் மாகாணம் 1948-இலேயே பொது நூலகச் சட்டம் செய்து இந்தியாவுக்கு வழி காட்டியது. வீட்டு வரியோடு நூலக வரியும் ஜனங்களிடம் வசூலாகிறது. அப்பணத்தில் நடக்கும் கிளை நூலகங்களில் இவ்விஷயங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அலமாரி வைப்பது பெரிய காரியம் அல்ல: காவிரித் தீர்ப்பின் சுருக்கம், அரசியல் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பு, மேல் வகுப்புகளின் பொருளாதார, அரசியல் பாட புத்தகங்கள், சர்க்காரின் ஆண்டறிக்கைகள். தமிழில் எழுத முடியாத விஷயம் ஏதுமில்லை என்பதைப் பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக் களஞ்சியம் 1954 முதல் 1968-க்குள் நிரூபித்து விட்டது. அந்த வேலை தொடரவில்லை என்பதுதான் நம் குறை.

கடைசியாகக் கமிஷனுக்கு ஒரு வார்த்தை. 1979 முதல் பிரதானப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். 2013 மார்ச்சில் இவ்வுரிமைக்குப் பல நிபந்தனைகள் விதித்து ஓர் அறிவிப்பு வந்தபோது, பார்லிமெண்டில் தமிழ் நாட்டு அங்கத்தினர்களும் பிற ராஜ்யங்களின் அங்கத்தினர்களும் எதிர்த்ததன் பேரில் அம்மாதமே அது திருத்தப்பட்டது. ஆயினும் கேள்வித் தாள், பாஷை இலக்கியத் தாள்கள் தவிர, ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே அச்சாகிறது. தமிழில் வியாசம் எழுதுகிறவன் தலைப்பை ஆங்கிலத்தில் படித்து, தன் மனத்துக்குள் மொழிபெயர்த்து, பிறகு எழுதத் தொடங்க வேண்டும். ஹிந்தியில் எழுதுகிறவனுக்கு இத்தொல்லை இல்லை. தத்துவத் தலைப்பில் ஒரு சொல்லைப் பிசகாகப் பொருள் கொண்டால் 125 மார்க்கும் ஆபத்துக்குள்ளாகும். வியாசத் தாளில் மொத்தம் எட்டுத் தலைப்புகள். எட்டு வாக்கியங்களைத் தமிழிலும், அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஏனைய பாஷைகளிலும் அச்சிடுவதற்கு என்ன தடை என்பதைக் கமிஷன் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். 2013-இல் கட்சி வேற்றுமை மறந்து எழுந்த நம் அங்கத்தினர்கள் இக்கேள்வியைப் பார்லிமெண்டின் அடுத்த கூட்டத்திலேயே கேட்பார்களாக.