அக்காவின் கன்னத்து வெள்ளைக் கோடுகள்

மதிப்பிற்குரிய மாவட்ட மருத்துவ உயர் அதிகாரி அவர்களுக்கு,

தங்களுக்கு அனுப்பிய மனுக்களுக்குப் பதில் வரவில்லை. அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

என் அக்கா கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையில் பூண்டுக் காட்டில் கூலி வேலை பார்க்கிறார். அவருடைய கடைவாய்ப் பல் சொத்தையை வெள்ளி நிறக் கலவையால் அடைத்திருந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, அந்தப் பல் உரசும் இடத்தில் மட்டும் கன்னத்தின் உள்பக்கம் வலை பின்னியதுபோல் வெள்ளைக் கோடுகள், நடுவே சிவந்த ரணம். ரசம் பட்டாலே கண்ணில் நீர் வரும். தயிர்ச் சோறும் கஞ்சியுமாகக் காலம் தள்ளினார். மலையிலுள்ள ஓர் அரசு மருத்துவமனையில் காட்டினோம். வாய்ப்புண் என்று பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை கொடுத்தார்கள். ஆறவில்லை என்று திரும்பப் போனபோது, "புகையிலை போடுவியா?" என்றார்கள். இல்லை என்று அவர் சொல்லியும் சீட்டில் 'புகையிலைப் பழக்கம்' என்று எழுதினார்கள். வெற்றிலைகூடப் போடாதவர் அவர். புற்றுநோயோ என்று பயந்து அவர் தூங்காமல் கிடந்த இரவுகளுக்கு யார் பொறுப்பு?

பல்லை அடைத்த அந்தக் கலவையில் பாதி எடை பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. பெரும்பாலோருக்கு அது ஒன்றும் செய்யாது. சிலர் உடம்புக்கு அந்த உலோகம் ஒத்துக்கொள்ளாது, அது தொடும் சதை அழன்று, லைக்கன் பிளானஸ் என்ற நோயில் வருவதுபோலவே கோடு விழும். நிக்கல் கலந்த பல் உறையும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறதா என்று கேட்டாலே ஒரு தடயம் கிடைக்கும். அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கூலியை விட்டுவிட்டு, கீழே சமவெளியில் தங்கித்தான் ஒவ்வாமையைக் கண்டறியும் பேட்ச் டெஸ்ட் எடுத்தோம். முதுகில் ஒட்டியதை இரண்டு நாள் கழித்துப் பிரித்தார்கள், பிறகும் ஒருமுறை பார்த்தார்கள். பாதரசம் ஒட்டிய இடம் தடித்துச் சிவந்திருந்தது. அடைப்பை மாற்றிய சில மாதங்களில் கோடுகள் மறைந்தன.

பாதரச நஞ்சு வேறு, ஒவ்வாமை வேறு. எனக்கும் தெரியும். ஆனால் இது கொடைக்கானல், ஐயா! தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகளை மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கண்டுபிடித்து, 2001-ல் அந்த ஆலையையே மூட வைத்த ஊர். அந்த ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் 2016 வரை போராடி, நிறுவனத்தோடு உடன்பாடு கண்ட ஊர். இந்த ஊரில் நோயாளியின் பல்லில் என்ன உலோகம் என்று கேட்க உங்கள் மருத்துவர்களுக்கு வாய் வரவில்லையா? பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை 2018-ல் இந்தியா ஏற்றதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் மலையின் மன்னவனூரிலும் கூக்காலிலும் வாய்ப்புண் மாத்திரையோடு திருப்பி அனுப்பப்படும் பெண்களின் வாயை இனியாவது விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்ச் டெஸ்டை மலைக்குக் கொண்டு வாருங்கள். அக்காவின் சீட்டிலுள்ள அந்தப் பொய் வரியை அடித்து, கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
அவருடைய தம்பி,
பூம்பாறை