முன்கூட்டி அறிந்தால் மட்டும் போதுமா?



1954 டிசம்பர் 23 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மரேயின் குழுவினர், ஒருவருடைய சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தினர். அது நன்கு வேலை செய்தது. இருவரும் ஒரே கருமுட்டையிலிருந்து உருவானவர்கள்; ஆகவே உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதவில்லை. ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் அத்தகைய சகோதரர் கிடைப்பாரா?

பிறருடைய சிறுநீரகத்தைப் பெற்றவரின் உடலில், வெள்ளை அணுக்கள் அதை எதிரியென்று எண்ணித் தாக்குகின்றன. இதுவே நிராகரிப்பு. இதைத் தடுக்க அவர் நாள்தோறும் மருந்து உண்ண வேண்டும். மருந்து குறைந்தால் நிராகரிப்பு, மிகுந்தால் தொற்றுநோய். ஆகவே மருத்துவருக்கு ஓர் எச்சரிக்கை மணி தேவை.

இன்று எங்கும் பயன்படும் மணி, இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவு. தசைகளில் உண்டாகும் இக்கழிவுப் பொருளைச் சிறுநீரகம் வடித்து வெளியேற்றுகிறது. அதன் திறன் குறைந்தால் கழிவு இரத்தத்தில் தேங்கும். இது செலவு குறைந்த சோதனை. ஆனால் சிறுநீரகம் பழுதடைந்த பிறகுதான் மணி அடிக்கிறது! காரணத்தையும் அது சொல்வதில்லை. உறுதி செய்ய, ஊசியால் சிறுநீரகத்தின் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதில் இரத்தக் கசிவு அபாயம் உண்டு.

எனவே விஞ்ஞானிகள் வேறு மணிகளைத் தேடினர். தாக்கப்படும் சிறுநீரகத்தின் செல்கள் சிதையும்போது, கொடையாளியின் டி.என்.ஏ. துணுக்குகள் நோயாளியின் இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றை அளக்கலாம். வெள்ளை அணுக்களை அழைக்கும் சி.எக்ஸ்.சி.எல்.-10 என்ற புரதத்தைச் சிறுநீரிலேயே அளக்கலாம். ஊசி கூடத் தேவையில்லை!

"அப்படியானால் நாளையே எல்லாருக்கும் செய்யலாமே" என்பீர்கள். சற்றுப் பொறுங்கள். சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் 241 பேரிடம் இதைச் சோதித்து, 2023-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு இப்புரதம் கூடியதும் திசு ஆய்வு செய்து, தேவையான சிகிச்சை அளித்தனர். மற்றப் பிரிவினரின் சிகிச்சைக்கு இச்சோதனையைப் பயன்படுத்தவில்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை!

இப்புரதம் நிராகரிப்பின்போது மட்டும் கூடுவதில்லை. தொற்று வந்தாலும் கூடும். நிராகரிப்பே என்று தெரிந்தாலும், அதைத் தணிக்கும் சிகிச்சை எப்போதும் முழுப் பலன் தருவதில்லை. மணி முன்கூட்டி அடித்தால் மட்டும் தீ அணைந்துவிடுமா?

இத்தேடல் வீண் என்று நான் கூறவில்லை. பொருத்திய சிறுநீரகம் பல்லாண்டு உழைக்க வேண்டுமானால், இது தொடரத்தான் வேண்டும். ஆனால் "நோயை முன்பே கண்டுபிடிக்கிறது" என்பது ஒரு சோதனைக்குப் பாதி மதிப்பெண்தான். "அதனால் நோயாளி நலமடைந்தாரா?" என்ற கேள்விக்கும் அது விடை தர வேண்டும். ஏனெனில் ஒவ்வொரு புதுச் சோதனையின் செலவையும் ஒரு குடும்பம் சுமக்கிறது.

புதிய சோதனை பற்றிய செய்தியை அடுத்த முறை படிக்கும்போது, இந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். வியப்பதோடு நில்லாமல் வினவுவதே விஞ்ஞானம்.