கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்

ஆஹெனில் முத்திரை சேகரிப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பரிமாறிக்கொள்வதுண்டு. சென்ற மாரியில் அப்படியொரு கூட்டத்துக்கு, காலமாகிவிட்ட என் நண்பரின் மகன் என்னைக் கூட்டிப்போனான். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. கையில் தகப்பனின் அல்பம்.

“மாமா, அப்பா இதை ஒருத்தரையும் தொட விடேல்லை. பிறகு நல்ல விலை போகும் எண்டு சொல்லுவார்.”

வியாபாரி இரண்டு நிமிடத்தில் பக்கங்களைப் புரட்டி முடித்தார். முழு அல்பத்துக்கும் 20 யூரோ தருவதாகச் சொன்னார். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. எண்பதுகளின் சாதாரண இலங்கை முத்திரைகள் ஏராளமாக அச்சடிக்கப்பட்டவை. உறையிலிருந்து பிரித்த அத்தகைய முத்திரைகள் கிலோக் கணக்கில் விற்பனையாகின்றன. ஜேர்மன் சேகரிப்பாளர்களின் வேதப்புத்தகமான மிஹெல் பட்டியலில் போட்டிருக்கும் விலை குறையில்லாத பிரதிக்கு உரியது. விற்கப் போகிறவனுக்கு அதில் சிறு பங்குதான் கிடைக்கும்.

கடைசிப் பக்கங்களில் நீலக் காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தன. வியாபாரி அவற்றில் விரலை வைத்து, “இவை முழுத் தாளாக இருந்திருந்தால் நின்று பார்த்திருப்பேன்” என்றார்.

அவை ஏரோகிராமிலிருந்து வெட்டியவை. ஏரோகிராமில் முத்திரை ஒட்டப்படுவதில்லை, தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். தாளை மடித்தால் அதுவே உறை, விரித்தால் அதுவே கடிதம். ஆகவே முத்திரையை வெட்டுகிறவன் அதன் பின்பக்கத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்தே வெட்டுகிறான். பெடியன் ஒரு துண்டைக் கழற்றித் திருப்பினான். நீல மையில் அவனுடைய அப்பம்மாவின் எழுத்து. மூன்று வரியின் நடுத்துண்டுகள்: “தங்கச்சிக்கு”, “எண்டு சொல்ல”, “வர வேண்டாம், இப்ப”.

“ஆர் வர வேண்டாம், மாமா? அப்பாவோ?”

எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய தாளின் மிச்சத்தை அந்த நாளிலேயே குப்பையில் போட்டுவிட்டோம். போட்டோம் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1985இல் கிழக்கு பேர்லின் வழியாக வந்து சேர்ந்த நாங்கள் இருவரும் அகதிகள் விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். குசினி மேசையில் இருந்து வெட்டியதும் இருவரும்தான். வெளிநாட்டு முத்திரைக்கு ஒருநாள் காசு வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வேலை செய்ய அனுமதியில்லாத எங்களுக்கு அந்த ‘ஒருநாள்’ பெரிய ஆறுதல்.

எனவே இதை மற்றவர்களைக் குற்றம்சாட்டும் கட்டுரையாக எடுக்க வேண்டாம். ஆனால் குற்றம் இருக்கிறது. எந்தப் பழைய காகிதத்தைக் கண்டாலும் நாம் கேட்கும் முதற்கேள்வி, “இது எவ்வளவுக்குப் போகும்?” என்பது. அந்தக் கேள்விதான் நம் கையில் கத்தரிக்கோலைத் தருகிறது.

காசையே அளவுகோலாக வைத்துக்கொண்டாலும் வெட்டியது முட்டாள்தனம். 1859இல் வெளியான இலங்கையின் நான்கு பென்ஸ் முத்திரை, மங்கிய ரோஜா நிறத்தது, நம் நாட்டு முத்திரைகளில் மிகப் புகழ்பெற்றது. அதன் சட்டம் எண்கோணம். அழகுக்காக மூலைகளை அந்த எண்கோணத்துக்கே வெட்டிய பிரதிகள் விலையில் அதலபாதாளத்தில் கிடக்கின்றன. ஏரோகிராம் போன்ற அச்சிட்ட அஞ்சல் தாள்களிலும் முழுத் தாளுக்குத்தான் மதிப்பு. வெட்டிய துண்டைப் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் பொருட்படுத்துவதில்லை.

உடனே ஒருவர் பிரித்தானிய கயானாவின் ஒரு சத முத்திரையைச் சொல்வார். 1856ஆம் ஆண்டு முத்திரை அது. 1873இல் 12 வயதுப் பையன் ஒருவன் குடும்பக் கடிதங்களுக்குள் கண்டெடுத்து ஆறு சிலிங்குக்கு விற்றான். மூலைகள் வெட்டுப்பட்ட அந்தத் துண்டு 2021இல் 83 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. உண்மைதான். உலகில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருப்பதாக அறியப்பட்டதால் வந்த விலை அது. நம் அல்பத்திலிருப்பதற்கோ கணக்கில்லாத இரட்டைப் பிள்ளைகள் உண்டு. ஒன்றே ஒன்றாக நம்மிடம் இருந்தது அதன் பின்பக்கத்து எழுத்து. அதைத்தான் துண்டாக்கினோம்.

ஒரு முழு உறை என்ன சொல்லும் என்று பாருங்கள். தபாற்கந்தோர் குத்திய முத்திரையில் ஊரும் திகதியும் இருக்கும். ஒட்டிய தொகையில் அன்றைய தபாற்கட்டணம் தெரியும். உள்ளேயுள்ள திகதியையும் குத்திய திகதியையும் ஒப்பிட்டால் கடிதம் எழுதியபின் எத்தனை நாள் வீட்டில் கிடந்தது என்று தெரியும். முகவரி வெட்டி மாற்றி எழுதியிருந்தால் அந்த அகதி எந்த விடுதியிலிருந்து எந்த விடுதிக்கு மாற்றப்பட்டான் என்று தெரியும். நம் புலம்பெயர்வின் வரலாற்றை எழுத வருகிறவனுக்கு இதைவிட நேரான சாட்சி அரிது. சாட்சியின் நாக்கை அறுத்துவிட்டு அதன் உடுப்பை அல்பத்தில் வைத்திருக்கிறோம்.

“பழங்கடதாசியை யார் பார்க்கப் போகிறார்கள்?” என்பவர்கள் ஆஹெனின் சர்வதேசப் பத்திரிகை அருங்காட்சியகத்தை நினைத்துப் பார்க்கட்டும். 1886இல் ஒஸ்கார் ஃபொன் ஃபோர்க்கன்பெக் என்பவர் தொடக்கியது. நேற்றைய பத்திரிகையைவிடப் பெறுமதியற்ற காகிதம் ஏது? அதைத்தான் அவர் பல நாடுகளிலிருந்தும் சேர்த்தார், முழுத் தாளாக.

அதே 1886இல், நகரத்துக்குத் தென்மேற்கே சில கிலோமீற்றர் தொலைவில், நடுநிலை மோரெஸ்னே என்ற துண்டு நிலத்தில் வில்ஹெல்ம் மொல்லி என்ற வைத்தியர் சொந்த முத்திரைகளோடு ஓர் அஞ்சல் சேவை தொடங்கினார். அது விரைவிலேயே நிறுத்தப்பட்டது. அந்த நிலமும் 1920இல் பெல்ஜியத்தோடு சேர்ந்துவிட்டது. அந்த முத்திரைகளை இன்றும் தேடுகிறார்கள் என்றால், அந்த நிலத்தின் கதையைச் சொல்ல ஆட்கள் இருப்பதே காரணம். கதையைக் காப்பவர் இல்லாத காகிதத்துக்குச் சந்தையிலும் விலை இல்லை.

“பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே” என்பது அடுத்த வாதம். என்னோடு வந்த பெடியன் அந்த மூன்று துண்டு வரிகளை எழுத்துக்கூட்டித்தான் வாசித்தான். ஆனால் வாசித்தான். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் ஒருநாள் வாசிக்கத் தெரிந்த பிள்ளை பிறக்கலாம். அதற்கு முன் நாம் எறிந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு எதுவும் மிஞ்சாது.

“வீட்டு விசயம் வெளியில் வந்துவிடும்” என்ற பயம் நியாயமானது. அதற்கும் வழி உண்டு. நூலகம் என்ற பெயரில் 2005 முதல் இயங்கும் எண்ணிம நூலகம் நம் ஆவணங்களைப் படியெடுத்துப் பாதுகாத்து வருகிறது. இத்தகைய எந்த இடத்தில் ஒப்படைப்பதானாலும், எதைத் திறக்கலாம், எதை இத்தனை ஆண்டுக்கு மூடி வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசுங்கள். எரிப்பதற்கும் ஊரறியச் செய்வதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

மின்சாரக் கட்டண உறையின் முத்திரையை வெட்டுவதில் பிழையில்லை. பீலெஃபெல்டில் உள்ள பேத்தல் நிறுவனம் 100 ஆண்டுகளுக்கும் மேலாக அப்படி வரும் முத்திரைகளைக் கொண்டு மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுக்கிறது. அனுப்புங்கள். ஊர்க் கடிதத்தை மட்டும் விடுங்கள். உறையையும் தாளையும் பிரிக்காதீர்கள். யார் யாருக்கு எழுதியது என்று பென்சிலால் ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள். இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். எழுதியவரை அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.

பெடியன் அல்பத்தை விற்கவில்லை. அன்று பின்னேரம் என் வீட்டில் இருந்து நீலத் துண்டுகளைத் திருப்பி மேசையில் பரப்பினோம். பதினேழு துண்டுகள். தெரிந்த பெயர்களைச் சொன்னேன், அவன் எழுதிக்கொண்டான். “வர வேண்டாம், இப்ப” என்ற துண்டுக்கு எதிரே ஒன்றும் எழுத முடியவில்லை.