ஸ்கேன் மெஷினுக்கு லைசன்ஸ் இருக்கு, படம் போற வழிக்கு?

ராத்திரி 2 மணி. விபத்துல அடிபட்டவருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தாச்சு. நிபுணர் இருக்கறது வேற ஊர்ல. மானிட்டரை செல்போன்ல போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புறாங்க. நம்மில் பலர் பார்த்ததுதானே?

சி.டி. படத்தில் பொதுவாக 4096 சாம்பல் நிற அளவுகள் இருக்கும். சாதாரண போட்டோவில் 256தான். அதையும் வாட்ஸ்அப் சுருக்கிடும். மண்டையோட்டை ஒட்டின சின்ன ரத்தக்கசிவு அதுல காணாமப் போகலாம். டாக்டர் திறமைசாலிதான், அவர் கைக்கு வந்த படம்தான் அரைகுறை.

2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவ மென்பொருளும் இந்தியச் சட்டப்படி மருத்துவ உபகரணம். ஆனா வாட்ஸ்அப்பை யாரும் மருத்துவத்துக்குன்னு விக்கலையே, சட்டம் எங்க பிடிக்கும்?

எல்லாத்துக்கும் லைசன்ஸ் கேட்கச் சொல்லலை. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., படத்தை வெறுமனே கடத்தும் கருவிக்குப் பொதுவாக முன் அனுமதி கேட்பதில்லை. படத்தை அலசி மாற்றும் மென்பொருளுக்குத்தான் கேட்கிறது. அது நியாயம். இங்கேயோ படத்தைச் சிதைக்கிற வழிக்கே கேள்வி இல்லை!

உரிமம் பெற்ற பட மென்பொருளைத் தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் அரசு கொடுக்கணும். அதுவரை நீங்க ஸ்கேன் எடுத்தா ஃபிலிமோட திரும்பாதீங்க. 'டைகாம்' ஃபைலை பென்டிரைவ்ல கேட்டு வாங்குங்க.