சின்னச் சுருளுக்குப் பெயர் வைத்தவர் யார்?



ஒரு பலகாரத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தேடிப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. இம்முறை மெக்சிக்கோப் பலகாரம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

மெக்சிக்கோ மக்களின் அன்றாட உணவு டோர்ட்டியா என்னும் சோள ரொட்டி. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து அரைத்து, மெல்லியதாகத் தட்டிச் சுடுவார்கள். மறுநாள் அது விறைத்துவிடும். அதை வீசுவதில்லை. சூடான எண்ணெயில் தோய்த்து இளக்கி, அவித்துப் பிய்த்த இறைச்சியை வைத்து, இறுக்கிச் சுருட்டி, குச்சி குத்தி, மொறுமொறுவென்று பொரிப்பார்கள்.

இதற்குப் பல பெயர்கள். உள்ளீடு வைத்து மடித்த ரொட்டி டாக்கோ. பொரித்து எடுப்பது 'டாக்கோஸ் டொராடோஸ்', அதாவது பொன்னிற டாக்கோ. நீளமானது 'பிளவுட்டா', புல்லாங்குழல் என்று பொருள். அமெரிக்காவில் பரவிய பெயர் 'டகீட்டோ'. சின்ன டாக்கோ என்று அர்த்தம்.

இந்தக் கடைசிப் பெயருக்குத்தான் போட்டி. சான் டியாகோ நகரில் 1940 இல் தொடங்கிய கடை ஒன்று, அப்பெயர் தம்முடையது என்கிறது. உலகப் போர்க் காலத்தில் தொழிற்சாலை வேலையாட்கள் கையில் எடுத்துச் சாப்பிட வசதியாக இதை விற்றார்களாம். ஆனால் 1929 இல் வெளிவந்த நூல் ஒன்றிலேயே, புகையிரத நிலையங்களில் விற்கும் பலகாரமாக டகீட்டோ பேசப்படுகிறது. அந்த நிலையங்களில் விற்றவர்களை இன்று யார் அறிவார்?

அறியப்பட்ட ஒரு பெண் இருக்கிறார். அவர் பெயர் அவ்ரோரா குவெரேரோ. மெக்சிக்கோவிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வந்தவர். 1934 இல் ஒல்வெரா வீதியில் 'சியெலிட்டோ லிண்டோ' என்ற சிறு கடையைத் திறந்தார். டகீட்டோவின் மேல் பட்டர்புரூட் சாறு ஊற்றிக் கொடுத்தார். அவருக்குப் பின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடையை நடத்தி வந்தார்கள்.

அவர் இப்பலகாரத்தைக் கண்டுபிடிக்கவில்லை. பெயரும் அவர் வைத்ததல்ல. ஆயினும் தன் கைப்பக்குவத்துக்கு ஒரு கடையும், கடைக்கு ஒரு பெயரும் வைத்தார். அதனால்தான் இன்றும் அவரைப் பற்றிப் பேச முடிகிறது. வீட்டு அடுப்படியில் பழைய ரொட்டியைச் சுருட்டிப் பிள்ளைகளின் பசி தீர்த்த எத்தனையோ தாய்மார் பெயரில்லாமலே போனார்கள். இதை நினைக்கையில் எனக்கு மனம் கனக்கிறது.

சகோதரிகளே, உங்கள் பக்குவத்தை ஒரு கொப்பியில் அளவோடு எழுதி வையுங்கள். விற்பனைக்குக் கொடுத்தால், பொதியின் மேல் உங்கள் பெயரையும் எழுதுங்கள். சின்னப் பலகாரம்தானே என்று விட்டுவிடாதீர்கள். உழைத்த கைக்கு ஒரு பெயர் உண்டு.